குற்றவாளிக் கூண்டில் ஊசி

சோமனூரில் என் சித்தப்பா மகன் செத்துப்போனது 2022 பிப்ரவரியில். வயது 44. விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருந்தான். காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியவன் அப்படியே படியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து டீக்கடைக்காரர் சோடா வாங்கிக் கொண்டு ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று மதியம் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஆரம்பித்தார். "ஊசி போட்டதுல இருந்தே அவனுக்கு ஒடம்பு சரியில்லீங்க." இன்னொருவர், "எங்க பக்கத்து வூட்டுலயும் இப்படித்தானுங்க, சின்னப் பையன்" என்றார். மூன்றாமவர் செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். பத்து நிமிடத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டு தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. ஊசிதான் கொன்றது.

எனக்குத் தெரிந்த ஒன்றை அந்தப் பந்தலில் நானும் சொல்லவில்லை. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், அவனுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். மாடி அறையில் தனியாகக் கிடந்தான். தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருவார்கள். சிடி ஸ்கேன் எடுத்து 25க்கு 11 என்றார்கள். அந்த நாட்களில் அதைப் பரீட்சை மார்க் மாதிரிதானே எல்லாரும் போனில் சொல்லிக்கொண்டிருந்தோம். டி-டைமர் கூடியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் போட்டான், காய்ச்சல் போனதும் நிறுத்திவிட்டான். செப்டம்பரில்தான் பள்ளிக்கூட முகாமில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டான். சாவுக்கு ஒன்பது மாதம் முன்னால் உடம்புக்குள் நடந்த ஒரு பெரிய சம்பவம் யார் நினைவிலும் இல்லை. ஐந்து மாதம் முன்னால் தோளில் குத்திய ஊசி எல்லார் நினைவிலும் இருந்தது.

அவனைக் கொரோனாதான் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்குச் சர்க்கரை இருந்தது, சிகரெட் இருந்தது, சித்தப்பாவும் நெஞ்சுவலியில் போனவர்தான். ஒரு தனி மனிதனின் மாரடைப்புக்கு இதுதான் காரணம் என்று கை காட்ட எந்த மருத்துவராலும் முடியாது. என் கோபம் வேறு. விசாரிக்க வேண்டியவர்களின் பட்டியலில் முதலில் இருந்திருக்க வேண்டிய ஒரு பெயரை நாம் அடித்துவிட்டோம். மக்கள் மட்டுமல்ல, அரசும் மருத்துவமனைகளும் பத்திரிகைகளும் சேர்ந்தே அடித்தார்கள்.

முதல் தவறு பெயரிலேயே தொடங்கியது. வைரஸுக்கு வைத்த பெயருக்குள்ளேயே 'தீவிர சுவாச நோய்' என்பது உட்கார்ந்திருக்கிறது. நாம் பார்த்த காட்சிகளும் மூச்சு பற்றியவைதான்: ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தது, விரலில் மாட்டிய சாச்சுரேஷன் கருவி, குப்புறப் படுக்கவைத்த நோயாளிகள். ஆகவே நுரையீரல் தெளிந்தால் நோய் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டோம். ஆனால் 2020 ஏப்ரலிலேயே, தொற்று உலகைச் சுற்றி வந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனை மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஒரு சிறிய கடிதம் எழுதினார்கள். மூன்றே மூன்று நோயாளிகள். அவர்களின் ரத்தக்குழாய்களின் உள்படலம் அழற்சியில் கிடந்ததையும் செல்கள் செத்திருந்ததையும் கண்டு சொன்னார்கள். அடுத்த மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் பிரேதப் பரிசோதனைக் கட்டுரை ஒன்று வந்தது. கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் பன்றிக்காய்ச்சல் வகை ஃப்ளூவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டிலும் நுரையீரல் நாசமாகியிருந்தது. ஆனால் கொரோனா நுரையீரலின் நுண்குழாய்களில் ரத்தக்கட்டிகள் ஒன்பது மடங்கு அதிகம். நெதர்லாந்தில் தீவிர சிகிச்சையில் கிடந்த 184 பேரில் 31 சதவீதத்தினருக்கு ரத்தக்கட்டிச் சிக்கல் வந்தது, உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தும்கூட. இதெல்லாம் 2020 பாதிக்குள் தெரிந்துவிட்ட சங்கதிகள். அதனால்தான் சோமனூர் மாதிரி ஊரில்கூட 2021 மே மாதம் ஒரு மருத்துவர் டி-டைமர் பார்த்து மாத்திரை எழுதினார். மருத்துவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஏன் அந்த மாத்திரை, எதற்காக ஒரு மாதம் என்று நோயாளிக்குச் சொல்லத்தான் நேரமில்லை. அந்த மே மாதத்தில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த நான்கு வருடங்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்த உள்படலம் என்பது என்ன? எண்டோதீலியம் என்பார்கள். உடம்பின் அத்தனை ரத்தக்குழாய்களுக்கும் உள்பக்கமாக, ஒரே ஒரு செல் கனத்தில் ஓடும் பூச்சு. நல்லாப் பழகிய இரும்புத் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் எண்ணெய் ஏறி வழவழவென்று இருக்கும், மாவு ஊற்றினால் ஒட்டாது. யாராவது விருந்தாளி வந்து நல்ல மனசோடு அதைச் சோப்புப் போட்டு கம்பி நாரால் தேய்த்து வைத்துவிட்டுப் போனால், அடுத்த பத்துத் தோசை பிய்ந்துதான் வரும். வெங்காயம் தேய்த்து எண்ணெய் காட்டி மறுபடியும் பழக்க வேண்டும். எண்டோதீலியமும் அப்படித்தான், ஆனால் உயிருள்ள பூச்சு. குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும் என்பதை நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து அதுதான் ஒழுங்குபண்ணுகிறது. ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. காயம்பட்டால் மட்டும் ஒட்டும்படி புரதங்களை வெளியே விடுகிறது. கொரோனா இந்தப் பூச்சைத் தேய்க்கிறது. வைரஸ் நேரடியாக இந்தச் செல்களுக்குள் நுழைந்து கெடுக்கிறதா, அல்லது நம் உடம்பின் எதிர்ப்புப் படையே வெறிபிடித்துக் கெடுக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. எந்த வழியானாலும் உரிவது அதே பூச்சுதான். 2020இல் வீட்டுக்கு வீடு 'இம்யூனிட்டி, இம்யூனிட்டி' என்று கஷாயம் காய்ச்சினோமே, அந்த இம்யூனிட்டி கட்டுமீறினால் சொந்த வீட்டுச் சுவரையே இடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாய் என்றால் கதை இன்னும் மோசம். இதயத் தமனிகளில் உள்ள அந்தப் படிவுக்குள்ளேயே, அங்கே குடியிருக்கும் தற்காப்புச் செல்களுக்குள், வைரஸின் மரபுப்பொருளைக் கண்டதாக நியூயார்க் ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். கொரோனாவில் இறந்த 8 பேரின் தமனிகள்தான். சின்ன எண்ணிக்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் படிவு இல்லை?

பெரிய எண்ணிக்கை வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் பதிவேடுகளை வைத்து செயின்ட் லூயிஸ் நகரத்து சியாத் அல்-அலியும் அவருடைய குழுவும் 2022இல் வெளியிட்ட ஆய்வு. தொற்று வந்து முதல் முப்பது நாளைத் தாண்டிய 1,53,760 பேர், ஒப்பிட அதே காலத்தில் வாழ்ந்த 56 லட்சம் பேர். ஒரு வருடத்தில் மாரடைப்பு 63 சதவீதம் அதிகம், பக்கவாதம் 52 சதவீதம் அதிகம், இதயச் செயலிழப்பு 72 சதவீதம் அதிகம். ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் படுத்து எழுந்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது, அளவுதான் குறைவு. இதில் குறை இல்லாமல் இல்லை. படைவீரர்கள் என்பதால் பெரும்பாலும் வயதான வெள்ளை ஆண்கள். நம் ஊர் உடம்பு வேறு, சாப்பாடு வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்குத் தொற்று வந்தது 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜனவரி பாதி வரை. ஊசி என்பதே கிட்டத்தட்ட இல்லாத காலம். இந்த மாரடைப்புகளை ஊசியின் கணக்கில் எழுத முடியாது. ஸ்வீடனில் நாடு முழுக்க உள்ள பதிவேடுகளைப் புரட்டியவர்கள், கால் ரத்தக்குழாயில் கட்டி வரும் ஆபத்து மூன்று மாதம் வரையும் நுரையீரல் குழாய் அடைப்பு ஆறு மாதம் வரையும் கூடியிருப்பதைக் கண்டார்கள். என் தம்பி மாத்திரையைப் பத்து நாளில் நிறுத்தினான்.

'எந்தக் காய்ச்சல் வந்தாலும் மாரடைப்பு கூடத்தானே செய்யும்?' என்று கேட்கலாம். உண்மை. ஃப்ளூ வந்த முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவிலிருந்து 2018இலேயே கட்டுரை வந்திருக்கிறது. அதையும் நாம் கண்டுகொள்ளவில்லை என்பது தனிக் கதை. ஆனால் ஃப்ளூ ஒரு நாட்டின் பெரும்பகுதி மக்களை இரண்டு வருடத்துக்குள் வந்து தொட்டுவிட்டுப் போகவில்லை.

சரி, ஊசிக்கு வருவோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்கள் பயப்படக்கூடாது என்பதற்காகவே கேமரா முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை மரணம். இதயத்தின் முக்கியக் குழாய் ஒன்றில் முழு அடைப்பு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பிறகு மத்திய அரசின் குழு விசாரித்து ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றது. யார் கேட்டார்கள்? அவ்வளவு கொழுப்பும் சுண்ணாம்பும் ஒரே ராத்திரியில் படியாது என்பதை யோசிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. 2024இல் ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம், தன் தடுப்பூசி மிக அரிதாக ரத்தக்கட்டிச் சிக்கலை உண்டாக்கலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த செய்தி வந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில், 'பாத்தீங்களா, அன்னிக்கே விவேக்...' என்று விடியவிடிய ஓடியது. விவேக் போட்டுக்கொண்டது கோவாக்சின். அது வேறு கம்பெனி, வேறு தயாரிப்பு முறை. இதைச் சொன்னதற்கு என்னை ஒரு மாமா, "நீ கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

அந்த அரிய சிக்கல் பொய் என்று சொல்பவன் நானில்லை. அது நிஜம், சில குடும்பங்கள் பிள்ளைகளை இழந்திருக்கின்றன, அவர்களுக்கு நஷ்டஈடு தரப்பட வேண்டும். அதை ஒளித்து 'முழுக்கப் பாதுகாப்பானது' என்று மேடையில் முழங்கியவர்கள்தான் வதந்திக்குத் தீனி போட்டார்கள். ஆனால் அதே ஆஸ்ட்ராஜெனகா ஊசியை, நம் ஊரில் கோவிஷீல்டு என்று வந்ததை, இங்கிலாந்தில் 4.6 கோடி பெரியவர்களிடம் பின்தொடர்ந்து பார்த்தபோது என்ன தெரிந்தது? அரிய சிக்கல்களும் தெரிந்தன. மொத்தத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் ஊசிக்குப் பிறகு கூடவில்லை, குறைந்தன என்பதும் தெரிந்தது. இரண்டாவது ஊசிக்குப் பின் 27 சதவீதம் வரை குறைவு. காரணத்தை யூகிக்க பெரிய படிப்பு வேண்டாம். தொற்றின் வேகம் தணிந்தால் குழாய் தேய்வதும் தணியும்.

இங்கிலாந்து எதற்கு, நம் சென்னைக்கே வருவோம். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அங்குள்ளவர்கள் முன்னின்று, நாடு முழுக்க 47 மருத்துவமனைகளை இணைத்து, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்துபோன 729 பேரின் வீடுகளில் போய் விசாரித்தார்கள். ஒப்பிட 2,916 பேர். 2023இல் வெளிவந்தது. இரண்டு ஊசி போட்டவர்களிடம் திடீர் மரண வாய்ப்பு பாதியாக இருந்தது. சாவுக்கு முந்தைய இரண்டு நாளில் மட்டுமீறிக் குடித்தவர்களிடம் ஐந்து மடங்கு. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்களிடம் ஏறக்குறைய நான்கு மடங்கு. நான் படித்த செய்திகள் அத்தனையும் 'தடுப்பூசி காரணமில்லை' என்ற முதல் வரியோடு நின்றன. அப்போ எது காரணம் என்று அதே ஆய்வு சொன்ன அடுத்த வரி, உள்பக்கத்தில் ஒரு மூலையில். ஊசிக்கு விடுதலை வாங்கித் தருவதில் காட்டிய அவசரத்தில் கால்வாசியாவது கிருமிமேல் குற்றப்பத்திரிகை எழுதுவதில் காட்டினார்களா? காட்டினால் சங்கடம். ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த அத்தனை பேரையும் வருடக்கணக்கில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். 'கொரோனாவை வென்றோம்' என்று கொடியேற்றிவிட்ட பிறகு அதை யார் செய்வார்?

2025 கோடையில் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ஒரே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பில் இறந்ததாகச் செய்தி வந்தது. உடனே அந்த மாநில முதலமைச்சரே ஊசியை அவசரமாக அனுமதித்தது காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். மறுநாள் மத்திய அரசு மறுத்தது. பிறகு ஜெயதேவா இதயநோய் நிறுவன இயக்குநர் தலைமையிலான குழு, ஊசிக்கும் தொடர்பில்லை, முன்பு கொரோனா வந்ததற்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. என் வாதத்துக்கு இது எதிரான சாட்சி, மறைக்க மாட்டேன். வருடங்கள் கடக்கும்போது ஆபத்து தணிந்துவிடுகிறது என்பதாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 2025இல் ஒருவரிடம் போய் 'உங்களுக்குக் கொரோனா வந்ததா?' என்று கேட்டு எதைக் கண்டுபிடிப்பது? 2021 ஜூன், ஜூலையில் நடந்த தேசிய ரத்த ஆய்வில் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில் 67.6 சதவீதத்தினரிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஊசியே போடாதவர்களை மட்டும் எடுத்தாலும் 60 சதவீதத்துக்கு மேல். அப்போது அரசுக் கணக்கில் இருந்த நோயாளிகள் சுமார் 3 கோடி. மீதிப் பேரெல்லாம் பேப்பரில் இல்லாத நோயாளிகள். அவர்களிடம் கேட்டால், 'எனக்கா? வரவே இல்லீங்க' என்பார்கள். வந்தவர், வராதவர் என்று பிரிக்கவே முடியாத கூட்டத்தை இரண்டாகப் பிரித்து வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்வதில் என்ன இருக்கிறது? படைவீரர் மருத்துவமனைக்கும் ஸ்வீடனுக்கும் இருந்தது பதிவேடு. நமக்கு இருப்பது பந்தல் பேச்சு.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு 49 வயது. தம்பிக்கு வந்த அதே மே மாதம் அவளுக்கும் வந்தது, லேசாக. ஐந்து நாள் காய்ச்சல், வாசனை தெரியவில்லை, அவ்வளவுதான். ஆறாம் நாள் எழுந்து வீட்டில் எல்லாருக்கும் சமைத்தாள். அதன்பிறகு மாடிப்படி ஏறினால் படபடப்பு. முன்னே 120, 80 என்று இருந்த பிரஷர் 150ஐத் தொட்டது. மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். ஒருவர் ரத்தசோகை என்றார், ஒருவர் மாதவிடாய் நிற்கும் வயசு என்றார், மூன்றாமவர், "வீட்டுல ஏதாச்சும் டென்ஷனாம்மா?" என்று கேட்டார். நான் குறுக்கே புகுந்து, "கொரோனா வந்துச்சுங்க டாக்டர்" என்றேன். "அதெல்லாம் முடிஞ்சுபோன சமாச்சாரம் சார்" என்று சிரித்தார்.

2025 ஆகஸ்டில் ஐரோப்பிய இதயநோய் இதழில் வந்த ஆய்வை அந்தச் சிரிப்புக்குப் பதிலாக வைக்கிறேன். 16 நாடுகளில் 2,390 பேர். கழுத்துத் தமனியிலிருந்து தொடைத் தமனிவரை நாடி அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். குழாய் விறைத்திருந்தால் அலை வேகமாகப் போகும். வயதாக ஆக எல்லாருக்கும் அந்த வேகம் கூடும். கொரோனா வந்து ஆறு மாதம் ஆன பெண்களிடம், லேசாக வந்தவர்களிடம்கூட, குழாய்கள் ஏறத்தாழ ஐந்து வருட மூப்பைக் காட்டின. தீவிர சிகிச்சையில் கிடந்த பெண்களிடம் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆண்களிடம் அவ்வளவு தெளிவான வித்தியாசம் இல்லை. ஊசி போட்டிருந்த பெண்களிடம் விறைப்பு குறைவு. மாதங்கள் போகப்போக நிலைமை கொஞ்சம் சீராவதாகவும் தெரிந்தது. தோசைக்கல் மறுபடி பழகுகிறது. ஆனால் பழகும்வரை யாராவது அடுப்பைக் கவனிக்க வேண்டாமா? டென்ஷனா என்று கேட்டு அனுப்பப்பட்ட பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

'தெரிஞ்சுதான் என்ன செய்ய? தனி மருந்தா இருக்கு?' என்பது அடுத்த கேள்வி. தனி மருந்து இல்லை. ஆனால் பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கின்றன, அவற்றுக்கு மாத்திரைகளும் இருக்கின்றன. யாரைச் சீக்கிரம் பார்க்க வேண்டும், யாரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் இதற்கான ஏற்பாடு பாதி நின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டாவது அலை ஓய்ந்து சில வாரத்தில் தொடங்கிய திட்டம் அது. அந்தப் பதிவேட்டில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தால், 'காய்ச்சல் வந்ததா, எந்த மாதம், எத்தனை நாள், ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா' என்று நினைவு பசுமையாக இருக்கும்போதே கேட்டிருந்தால், படைவீரர் மருத்துவமனைக் கணக்கைத் தூக்கிச் சாப்பிடும் கணக்கு நம்மிடம் இருந்திருக்கும். 2023இல் இதயம் காப்போம் திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். அந்தச் சீட்டிலும் இந்தக் கேள்வியை எழுதலாம். இன்றைக்கும் எழுதலாம். மை தவிர வேறு செலவில்லை.

போன மாதம் அக்காவைப் புதிதாக ஒரு இளம் பெண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஃபைலில் 'முந்தைய நோய்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று நர்ஸ் எழுதியிருந்தார். காத்திருந்த நேரத்தில் என் பேனாவை எடுத்து 'இல்லை'யை அடித்துவிட்டு, '2021 மே, கொரோனா, 5 நாள்; அதன்பிறகே பிரஷர்' என்று எழுதினேன். உள்ளே போனதும் அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, "இத யாரு எழுதினது?" என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கம்மா, அப்போ என்னென்ன பண்ணுச்சு?" என்றார். அக்கா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாசனை போன நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.